மோதலைப் பின்னோக்கிப் படித்தவள்

உமாராணிக்கு மோதல்கள்தாம் தொழில். தூத்துக்குடியில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் நானும் அவளும் பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. முதலாண்டு மாணவர்களுக்கு ஒளியியல் நடத்திவிட்டு வருவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "ஈவாக்கா, இன்னிக்கு ஒண்ணு பாதியா கிழிஞ்சுட்டு" என்பாள். கிழிந்தது ஒரு நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த வட்டு.

நான் ஈவாஞ்சலின். நாசரேத்துக்காரி. அவளைவிட ஐந்து வயது மூத்தவள். எனக்குப் பாடம் நடத்துவதோடு சரி. அவள் பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பதிந்து, கல்லூரி ஆய்வகத்தின் ஒரு மூலையில் நான்கு பழைய கணினிகளை இணைத்துவைத்துக்கொண்டு இளம் நட்சத்திரங்களை மோதவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சொல்லித்தான் எனக்கும் அது பிடிபட்டது. புதிதாகப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தோசை மாதிரித் தட்டையாகச் சுழன்றுகொண்டிருக்கும். அந்த வட்டிலிருந்து தின்றுதான் நட்சத்திரம் வளர்கிறது. மிச்சமிருப்பதில் கோள்கள் உண்டாகின்றன. ஆனால் நட்சத்திரங்கள் பெரும்பாலும் தனியாகப் பிறப்பதில்லை, கூட்டமாகப் பிறக்கின்றன. அந்த நெரிசலில் ஒன்று இன்னொன்றின் பக்கமாகக் கடந்து போகும். அப்போதுதான் அடிதடி. ஒழுங்காகச் சுழன்றுகொண்டிருந்த வட்டின் ஒரு பக்கம் பிய்ந்து நீண்ட வாலாகும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வால் கிளம்பும். வந்தது ஒரு பங்கை அள்ளிக்கொண்டு போகும். இன்னொரு பங்கு யாருக்கும் இல்லாமல் இருட்டுக்குள் தெறித்துவிடும். வேறொரு பங்கு உள்ளே சரிந்து நட்சத்திரத்தின் தலையிலேயே கொட்டும். அப்படிக் கொட்டும்போது அது சில வருடங்களுக்குள் நூறு மடங்குகூடப் பிரகாசமாக எரியலாம். சில நேரம் வந்த நட்சத்திரமே வட்டைக் கலக்கியதில் வேகத்தை இழந்து, போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கணினியில் அவள் ஒவ்வொரு வட்டையும் இரண்டு லட்சம் புள்ளிகளாக வைத்திருந்தாள். ஒரு நட்சத்திரத்தின் புள்ளிகள் சிவப்பு, மற்றதன் புள்ளிகள் நீலம். மோதிய பிறகு எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

அவளுடைய ஆய்வுக் கேள்வி பின்னோக்கிப் போகிற கேள்வி. தொலைநோக்கியில் நமக்குக் கிடைப்பது கிழிந்த பிறகுள்ள படம் மட்டும்தான். கிழித்தது எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு கிட்டே வந்தது, வட்டு சுழலும் திசையில் கடந்ததா எதிர்த்திசையிலா? சுழலும் திசையிலேயே கடந்தால் சேதம் பயங்கரமாக இருக்கும். எதிர்த்திசையில் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆகவே சிதறலின் வடிவத்தை வைத்து வந்த வழியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தாள். நேரடியாக முடியாது. சாத்தியமான எல்லா வழிகளிலும் மோதவிட்டு, எந்த மோதல் அந்தப் படத்தைத் தருகிறது என்று தேட வேண்டும். அறுநூற்று நாற்பது மோதல்கள் அவள் கணக்கில் இருந்தன.

அவளுடைய அப்பா அய்யாக்குட்டி தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்கு மொத்த வியாபாரி. சட்டென்று கை நீளும் மனிதர். கடையில் வேலை பார்ப்பவர்கள் அவர் குரல் உயர்ந்ததும் இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்கள். தம்பி பாண்டியராஜன் கடையின் மினி லாரியில் சரக்கேற்றிக்கொண்டு கீழவைப்பார், வேம்பார் வரைக்கும் கடலோரக் கடைகளுக்குப் போடுவான். உமாவின் நான்கு கணினிகளில் இரண்டை வாங்கித் தந்தது அவன்தான். ஆய்வகத்துக்கு வந்தால் திரையை வெறித்துப் பார்த்துவிட்டு, "ஏளா, நல்லா இருந்ததப் போட்டு இப்படி ஒடைக்கியே, ஒனக்கு எங்கய்யா ரத்தம்ல ஓடுது" என்பான். அவள் சிரிப்பாள்.

2022 மே மாதம், ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. தருவைகுளத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் இருக்கும் கடற்கரைச் சாலையில், வடக்கே போன பாண்டியராஜனின் வண்டியும் தெற்கே வந்த உப்பு லாரியும் நேருக்கு நேர் மோதிவிட்டன என்றார்கள். என் ஸ்கூட்டரில் அவளை உட்காரவைத்து ஓட்டினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துப் போய்விட்டார்கள். மினி லாரியின் முன்பக்கம் ஓட்டுநர் இருக்கை வரைக்கும் உள்ளே போயிருந்தது. ஸ்டீயரிங் வளைந்து இருக்கையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜேசிபி ஒன்று உப்பைச் சாலையோரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. உமா எதையும் பார்க்கவில்லை. தம்பியின் ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வண்டிகளும் சாலையின் மேற்குப் பக்கத்தில், அதாவது பாண்டியராஜன் போக வேண்டிய பக்கத்தில், ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடந்தன. யார் பார்த்தாலும் உப்பு லாரிதான் வழிமாறி வந்து அடித்தது என்று சொல்வார்கள். அப்படித்தான் சொன்னார்கள்.

அன்று வேம்பாரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அய்யாக்குட்டியும் அவர் தம்பியும் திரும்பி வரும் வழியில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மோதி பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு நடந்ததை யாரோ செல்போனில் எடுத்து, சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்கச் சுற்றவிட்டுவிட்டார்கள். எனக்கும் வந்தது.

நான்கு நிமிடம் ஓடும் படம். லாரி ஓட்டுநர் மாடக்கண்ணு, கீழவைப்பார்க்காரர், ஐம்பது வயது இருக்கும். கதவு வழியாகத் தரையில் விழுந்து தவழ்கிறார். உமாவின் சித்தப்பா முடியைப் பிடித்து நிமிர்த்துகிறார். வெள்ளை வேட்டியும் பட்டுத் துண்டுமாக அய்யாக்குட்டி, கையில் ஜாக்கிக் கம்பி. "எம்பக்கந்தான்யா வந்தேன், எம்பக்கந்தான்யா வந்தேன்" என்று அந்த மனிதர் கையை நீட்டுகிறார். கம்பி அந்தக் கையில் இறங்குகிறது. முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கமாகத் தொங்குகிறது. அடுத்த அடி முகத்தில். சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவன் சாலையில் கிடந்த உப்பை இரண்டு கையாலும் அள்ளி, ரத்தம் வழியும் அந்த முகத்தில் எறிகிறான். படம் எடுத்தவன் நன்றாகத் தெரியட்டும் என்று வட்டமடித்து வந்து எடுத்திருக்கிறான். மூன்றாவது நிமிடத்தில் நான் அணைத்துவிட்டேன்.

மாடக்கண்ணுவுக்கு இடது கண் போய்விட்டது. கவனக்குறைவாக ஓட்டி உயிரைப் பறித்ததாக ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அவர் மேல் வழக்குப் போட்டார்கள். அடித்தவர்கள் அடையாளம் தெரியாத கும்பல் என்று எழுதிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உமா கல்லூரிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ஆய்வகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அந்தப் படத்த ஒரு தடவ பாருங்க. சத்தத்த அணைச்சிருக்கேன். ஆளப் பாக்காதிய. ரோட்டப் பாருங்க."

"உமா, வேண்டாம்ளா."

"நான் எழுவது எம்பது தடவ பாத்துட்டேன். பாருங்க."

அவள் படத்தை ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். அடிக்கிற கால்களுக்குப் பின்னால் சாலை தெரிந்தது. வெள்ளை உப்பு ஒரு வளைவாக, அரிவாள் மாதிரி, கிழக்கிலிருந்து மேற்கே போயிருந்தது. அதன் ஆரம்பத்தில், கடல் பக்கத்து ஓரமாக, மஞ்சளாக விசிறிபோல ஏதோ சிதறியிருந்தது.

"என்னது இது?"

"துவரம்பருப்பு. தம்பி வண்டியில எட்டு மூட இருந்துச்சு. பருப்பு எங்கன தொடங்குது பாருங்க. கடல் பக்கம். உப்பும் அங்கனதான் தொடங்குது. ரெண்டும் கலந்து கிடக்க எடம் அது ஒண்ணுதான். இங்கிட்டு மேக்க வெறும் உப்பு."

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெற்கே வரும் லாரிக்குக் கடல் பக்கம்தான் சொந்தப் பக்கம். வடக்கே போகும் பாண்டியராஜனுக்கு மேற்குப் பக்கம். பருப்பும் உப்பும் கலந்து கிடக்கும் இடத்தில்தான் மோதல் நடந்ததென்றால், மினி லாரிதான் கோட்டைத் தாண்டி எதிரே போயிருக்கிறது. லாரிக்காரர் கடைசி நொடியில் வலது பக்கம் ஒடித்திருக்கிறார். லாரியின் இடது முன்பக்கத்தில் அடி விழுந்து, பக்கப் பலகை உடைந்து, உப்பு கொட்டிக்கொண்டே வந்து, இரண்டு வண்டியும் மேற்கே போய் நின்றிருக்கின்றன.

"மூட தெறிச்சு விழுந்திருக்கலாம்லா?" என்று கேட்டேன். அவளுக்காக ஒரு வழி தேடினேன்.

"அதையும் பாத்தேன். மோதுன எடம், வேகம், ஒடிச்ச கோணம் எல்லாத்தையும் மாத்தி மாத்தி முந்நூறு தடவ ஓட்டிட்டேன். மேக்க மோதியிருந்தா பருப்பு ஒரு தடவகூட அங்கன போகல."

"ஒன்னோட நட்சத்திரப் புரோகிராம வச்சா?"

"சே, அது வேறக்கா. அங்க ஈர்ப்பு இழுக்கும், இங்க வேகம் வீசும். இதுக்குப் புதுசா சின்னதா ஒண்ணு எழுதினேன். கேள்வி மட்டுந்தான் ரெண்டுக்கும் ஒண்ணு."

பிறகு திரையை அணைத்தாள். "இத நான் போலீஸ்ல குடுத்தா, எங்கய்யா மொகமும் சேந்து போகும். கம்பியோட" என்றாள்.

நான் கொடுக்காதே என்று சொன்னேன். அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். இறந்தவன் இறந்துவிட்டான், ஓட்டுநருக்கு ஏதாவது உதவி செய்துவிடலாம், உன் வீட்டை நீயே இடிக்காதே என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை படங்களில் அம்புக்குறி போட்டு அச்செடுத்து, பதினொரு பக்க வாக்குமூலத்தோடு காவல் நிலையத்துக்குப் போனாள். கூட நானும் போனேன்.

ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். "ஏம்மா, செத்தது ஒன் கூடப்பிறந்தவன்தான?"

"ஆமா சார்."

"இந்தக் கம்பி வச்சிருக்கவரு?"

"எங்கய்யா. பக்கத்துல எங்க சித்தப்பா."

"வீட்டுல தெரியுமா?"

"இப்பப் போயிச் சொல்லுவேன்."

சொன்னாள். அந்த நேரம் நான் புதுக்கோட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு நின்றேன். பட்டறையில் சம்மட்டி விழுவது மாதிரி அய்யாக்குட்டியின் குரல் கேட்டது.

"அவன் மேலதான் தப்புன்னு எழுதிக் குடுத்தியா?"

"தப்புன்னு எழுதல. எந்தப் பக்கம் இருந்தான்னு எழுதுனேன்."

பிறகு சத்தங்கள். நான் உள்ளே ஓடினேன். அவளைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தில் கையை வைத்திருந்தார். மறுகையால் இடது காதில் அறைந்துகொண்டே இருந்தார், ஒரே இடத்தில், எண்ணி அடிப்பது மாதிரி. அவள் கையை ஓங்கவும் இல்லை, அழவும் இல்லை. அம்மா சந்தனமாரி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குறுக்கே விழுந்தேன். என்னையும் தள்ளினார். தாழ்ப்பாளில் என் நெற்றி கிழிந்தது. "கொன்னு போடுவேன். ஒனக்கும் சேத்து ஒரே நாள்ல திதி குடுப்பேன்" என்று அவர் சொன்னபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அடிக்கும்போதே அழுதவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

உமாவின் செவிப்பறை கிழிந்துவிட்டது. அந்தக் காது இன்றைக்கும் பாதிதான் கேட்கும். மாற்றுத்துணிகூட இல்லாமல் என் வீட்டுக்கு வந்தவள் ஏழு மாதம் இருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை முற்பகலில் சித்தப்பா இரண்டு ஆட்களோடு கல்லூரிக்குள் வந்தார். காவலாளி தடுக்கவில்லை, பணியாளர் ஒருவரின் சொந்தக்காரர் என்று விட்டுவிட்டார். ஆய்வகத்தில் உமாவும் நானும் இருந்தோம். கடப்பாரையால் முதல் திரையை அடித்தார். "இதுலதான கண்டுபிடிச்ச. இதுலதான கண்டுபிடிச்ச." நான்கு கணினிகளையும் மேசையிலிருந்து இழுத்துப் போட்டு, பெட்டி பிளந்து மின்சுற்றுப் பலகைகள் வெளியே வரும்வரை அடித்தார்கள். அப்போது ஒன்பது நாளாக ஒரு மோதல் ஓடிக்கொண்டிருந்தது. உமா சித்தப்பாவின் கடப்பாரைக் கையைப் பிடித்தாள். அவர் உதறியதில் நுனி அவள் தோளில் இறங்கியது. ஏழு தையல். கண்ணாடித் துண்டு என் புறங்கையில் ஏறியது. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிர்வாகம் இதைக் குடும்பத் தகராறு என்று சொல்லி எங்கள் இருவரையும் புகார் கொடுக்க வேண்டாமென்றது. நான் கொடுத்தேன். முதல் முறை வாய் மூடிக்கொள்ளச் சொன்னவள் நான், இரண்டாம் முறை அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை.

மாடக்கண்ணு மேலிருந்த வழக்கு அடுத்த வருடம் தள்ளுபடியானது. உமாவின் தாள்களை மட்டும் வைத்து அல்ல; வேறொரு நிபுணரும் லாரியின் உடைந்த பலகையைப் பார்த்து அதையே சொன்னார். அன்று நீதிமன்ற வராந்தாவில் மாடக்கண்ணுவிடம் போய் உமா நின்றாள்.

அவர்தான் ஆரம்பித்தார். "நீதான அந்தப் பிள்ள."

"ஆமாய்யா."

"நான் எம்பக்கம் வந்தேம்னு நூறு தடவ சொன்னேன். ஒருத்தன் கேக்கல." இருந்த ஒற்றைக் கண்ணால் அவளைச் சற்று நேரம் பார்த்தார். "ஒனக்கு நன்றி சொல்லுதேன். ஆனா ஒங்கய்யாவ நான் விடமாட்டேன். ஜெயிலுக்குப் போற வரைக்கும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவேன். அதையும் ஒங்கிட்டயே சொல்லிக்கிடுதேன்."

"வாங்கய்யா. நானும் சாட்சி சொல்ல வாரேன்."

சொன்னாள். கூண்டில் நின்று, திரையில் ஓடிய படத்தில் கம்பியோடு நிற்பவரை விரல் நீட்டிக் காட்டி, என் தகப்பனார் என்றாள். அய்யாக்குட்டி தலையைத் திருப்பவே இல்லை. 2024இல் அவருக்கும் அவர் தம்பிக்கும் ஏழு வருடம் கிடைத்தது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவள் நீதிமன்றத்துக்கு எதிரே வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்கேயே அவள் மேல் காறித் துப்பிவிட்டுப் போனாள். உமா முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ஆய்வை அவள் விடவில்லை. எங்கள் பல்கலைக்கழகம் வேறொரு திட்டத்தில் வாங்கிய பெரிய கணினியில் அவளுக்கும் நேரம் கிடைத்தது. முன்பு மோதல் முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடுவாள். இப்போது அதை மேலும் பல்லாயிரம் வருடங்களுக்கு ஓடவிட்டாள். தெறித்து வெளியே போன வாயு எல்லாமே தொலைந்துவிடுவதில்லை. அதில் ஒரு பங்கு வெகுகாலம் கழித்துத் திரும்பி வந்து அதே நட்சத்திரங்களின் மேல் விழுகிறது. அப்படி விழுந்து மிஞ்சியிருந்த வட்டைச் சாய்த்துவிடுகிறது, சில ஓட்டங்களில் உள்வட்டும் வெளிவட்டும் வெவ்வேறு சாய்வில் சுழல்கின்றன. நட்சத்திரம் மறுபடியும் தின்னத் தொடங்குகிறது. ஆகவே ஒரு நட்சத்திரம் எவ்வளவு பெரிதாகிறது, அதற்குக் கோள்கள் வாய்க்கின்றனவா, அவை எந்தச் சாய்வில் சுற்றும் என்பதையெல்லாம் அது மட்டும் தீர்மானிப்பதில்லை, பக்கத்தில் யார் கடந்து போனார்கள் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. இதை அவளுக்கு முன்பே வேறு ஊர்களில் பலர் காட்டியிருந்தார்கள். எந்தக் கோணத்தில் கடந்தால் எவ்வளவு திரும்பி வரும் என்ற ஒரு சின்னப் பகுதி மட்டும் அவளுடையது.

2025இல் வாய்மொழித் தேர்வு. கேள்வி கேட்க வந்திருந்த பேராசிரியர் ஒருவர் அவள் கதையை எங்கோ கேட்டிருக்கிறார் போல. "நீங்கள் பின்விளைவுகளைப் பார்க்கத் தொடங்கியதற்கு உங்கள் வாழ்க்கையில் நடந்தது காரணமா?" என்று நயமாகக் கேட்டார்.

"இல்ல சார். பெரிய மெஷின் கெடைச்சுது. அதான் நீளமா ஓட்ட முடிஞ்சுது" என்றாள். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அது உண்மை என்பது எனக்குத் தெரியும்.

சந்தனமாரி மூன்று வருடம் மகளிடம் பேசவில்லை. கடையை மூடியாகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உமா இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள், குடித்தார்.

"ஏளா," என்றார் பிறகு. "ஒரே ஒரு காரியம் கேக்கணும். நீ படிச்சவ. அவன் ஏன் அந்தப் பக்கம் போனான்?"

உமா வலது காதைத் திருப்பி மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

"ராஜன் ஏன் அந்தப் பக்கம் போனான்? தூங்கிட்டானா? போன் பேசுனானா? ஏதாச்சும் குறுக்க வந்துச்சா?"

"தெரியலம்மா. எங்க இருந்தான்னுதான் என்னால சொல்ல முடிஞ்சுது. ஏன்னு அதுல இல்ல."

"ஒனக்கும் தெரியாதா?"

"எனக்கும் தெரியாது."

சந்தனமாரி எழுந்து அடுக்களைக்குப் போய் என்ன இருக்கிறதென்று பார்த்தார். சோறு வடித்து, இருந்த தக்காளியில் ரசம் வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். சாயங்கால பஸ்ஸுக்கு உமா அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் திரும்பி வந்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று அம்மா சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.